யாழினியின் பெரிய கிளாரினெட்

அன்புள்ள மீனாவுக்கு,

பேத்தி யாழினிக்கு வாங்கலாம் என்று நீ பார்த்துவைத்திருக்கும் பழைய பேஸ் கிளாரினெட்டை எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிய மூன்று போட்டோவையும் உங்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி இருக்கு, வாங்கச் சொல்லுங்க" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதோடு மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்றுதான் இதை உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். பணம் இன்னும் கொடுக்கவில்லைதானே? கொடுக்காதே.

முதலில் உன் வருத்தத்துக்கு வருகிறேன். பள்ளி பேண்டு வாத்தியார் யாழினியை கிளாரினெட்டிலிருந்து பேஸ் கிளாரினெட்டுக்கு மாற்றியதை, கடைசி பெஞ்சில் தள்ளிவிட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை தாயி. எங்கள் பேண்டு செட்டில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழலில் கீழ்ச் சுருதி வாசித்தவரின் பேரை எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் கேட்டதில்லை. ஒருநாள் காய்ச்சல் என்று அவர் வரவில்லை, தெற்கு மாசி வீதியில் மாப்பிள்ளை அழைப்பு, நாங்கள் மேலே எவ்வளவு ஊதியும் பாட்டு தரையில் கால் பாவவே இல்லை. கீழ்ச் சுருதியை ஒரு பிள்ளையிடம் கொடுக்கிறார் என்றால் அவளுடைய காதையும் மூச்சையும் நம்பித்தான் கொடுக்கிறார். அவள் படித்ததும் வீணாகாது. காகிதத்தில் அதே நோட்டு, விரலும் பெரும்பாலும் அதே விரல், சத்தம் மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. (சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடால்ஃப் சாக்ஸ்தான் அதற்கு முன்பே, 1838-ல், இதையும் திருத்திச் செய்து பேட்டன்ட் வாங்கினார். மாப்பிள்ளையிடம் சொல், அவருக்கு இந்த மாதிரித் தகவல் பிடிக்கும்.)

பள்ளிக்கூடத்தில் ஒன்று இருக்கிறது, வீட்டில் பழக இன்னொன்று வேண்டும், அதனால் பழையது போதும் என்கிறாய். சரியான யோசனைதான். ஆனால் பழைய வாத்தியம் வாங்கி நான் பட்டதை நீ கேட்டதில்லை, ஏனென்றால் உங்கம்மா இருக்கும்போது நான் அதைப் பேசுவதில்லை. நீ கைக்குழந்தை. அவள் சீட்டு எடுத்த பணத்தில் கீழவாசல் பக்கம் ஒருவரிடம் பழைய கிளாரினெட் வாங்கினேன். புதிதாக நிக்கல் முலாம் போட்டு முகம் பார்க்கலாம் போல இருந்தது. உடம்பில் எச்.பி. என்று இரண்டு எழுத்து பொறித்திருந்தது, கம்பெனி பேராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரியே வண்டியூரில் ஒரு ஊர்வலம், முதல் பாட்டிலேயே செட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எச்.பி. என்றால் ஹை பிட்ச். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பட்டாள பேண்டுகளின் சுருதி, 'ஏ' சுரம் 452 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும். நாம் வாசிப்பது 440. குழலைக் கொஞ்சம் வெளியே இழுத்து நீளமாக்கினால் சுருதி இறங்குமே என்பாய், இறங்கும், ஆனால் ஒரு சுரம் சேரும்போது இன்னொன்று விலகிப்போகும். இதில் அடியில் ஓட்டையை மூடும் பேட் இரண்டும் காற்றை விட்டன. அடுத்த நாள் கொண்டுபோனால் விற்றவர் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்ன.

அதன்பிறகுதான் ஆடியிலும் மார்கழியிலும், கல்யாணம் இல்லாத நாட்களில், ரிப்பேர் வேலையைக் கற்றுக்கொண்டேன். பேஸ் கிளாரினெட் என் கைக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது, பட்டாள பேண்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவருடையது. சின்னதில் விரலே ஓட்டையை மூடும், இதில் எல்லாவற்றையும் பேட்தான் மூடும். கம்பிகள் நீளம் என்பதால் ஒரு இடி பட்டால் போதும், லேசாக வளைந்து, கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் கடைசி பேட் சரியாக உட்காராது. போட்டோவில் அது தெரியவே தெரியாது. கல்யாண வீட்டு சீரியல் லைட் ஞாபகம் இருக்கிறதா, அந்த மாதிரி சூடாகாத எல்இடி சரம் ஒன்றை, அறையை இருட்டாக்கிவிட்டு உள்ளே இறக்கி, பேட்டை மெதுவாக மூடிப் பார். ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் காற்றும் கசியும். ஒன்றிரண்டு பேட் என்றால் மாற்றலாம். எல்லாமே மாற்றவேண்டும் என்றால், வாங்கிய விலையோடு அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடு.

அப்புறம் மரத்தில் வேண்டாம். குளிருக்கு ஹீட்டர், வெயிலுக்கு ஏசி என்று இருக்கும் வீட்டில் மரம் விரிசல் விடும், பிளாஸ்டிக் போதும். கீழ் 'சி' வரை போகும் நீளமான மாடலுக்கு ஆசைப்படாதே, இந்த வயதுக்கு கீழ் 'இ ஃபிளாட்' வரை போவதே தாராளம், தூக்கவும் முடியும். உடம்பு ஒரே துண்டா, இரண்டு துண்டா என்று கேள். இரண்டு துண்டானால் பூட்டும்போது நடுவில் சந்திக்கும் கீ வளைந்துவிடும், பிள்ளைகள் அவசரத்தில் திருகுவார்கள். பண்டி, வீட்டோ என்று பழைய அமெரிக்க மாடல்கள் உங்கள் ஊரில் நிறையக் கிடைக்குமாம், யமஹாவும் பார்க்கலாம். பேரே இல்லாமல் மலிவாக வருவதைத் தொடாதே. உடம்பில் ஏதாவது பள்ளிக்கூடத்தின் பேரோ நம்பரோ பொறித்திருந்தால், அவர்கள் விற்ற சீட்டைக் கேட்டு வாங்கு, திருட்டு மாலாக இருந்துவிடப் போகிறது.

மவுத்பீஸை மட்டும் புதிதாக வாங்கிவிடு. பழையதின் நுனியில் நகம் அளவுக்கு உடைந்திருந்தாலும் பிள்ளை என்ன ஊதினாலும் கீச்சிடும், தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள். மவுத்பீஸில் கட்டி ஊதும் நாணல் தகடு, அதாவது ரீடு, இரண்டாம் நம்பர் அல்லது இரண்டரை. கிடைக்காத அன்றைக்கு டெனர் சாக்ஸபோன் ரீடை வைத்து ஒப்பேற்றலாம். கீழே ஊன்றும் கம்பு இருக்கிறதா, திருகு பிடிக்கிறதா என்றும் பார், இல்லாவிட்டால் பாரம் முழுக்க அவள் கழுத்தில்தான்.

இவ்வளவு சொன்னாலும் நான் வாசித்தது ஆல்பர்ட் சிஸ்டம் என்ற பழைய விரல் முறை, அவளுடையது போம் (Boehm) சிஸ்டம். விரல் விஷயத்தில் வாத்தியார் சொல்வதைத்தான் கேட்கவேண்டும், தாத்தா சொன்னார் என்று அங்கே போய்ச் சண்டை போடவேண்டாம் என்று சொல்லிவை.

சனிக்கிழமை பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிப்போ, முடிந்தால் வாத்தியாரையும். கடைசி 'இ ஃபிளாட்'டை மெதுவாக ஊதிப் பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல். நடுவில் தொண்டை சுரம் என்று சொல்லும் 'பி ஃபிளாட்'டிலிருந்து அடுத்த 'பி'க்கு நிற்காமல் ஏறச் சொல், தடுக்குகிறதா என்று கேள். டல்லாஸில் சாயங்காலம் ஏழு என்றால் இங்கே ஞாயிறு விடிகாலை ஐந்தரை, நான் முழித்துத்தான் இருப்பேன். வீடியோ கால் போடு, கேமராவை அந்தக் கடைசி பேட் பக்கம் காட்டு. உன் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா
மதுரை