டானும் சானும் ஒரே எழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் டான் குடும்பம் இல்லாத புளோக்கைப் பார்ப்பது அரிது. டான், சான் என்ற சீனக் குடும்பப் பெயர்கள் வேறு வேறு என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். போன மாதம் எங்கள் மாடி டான் பாட்டி ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். இடப்பக்கம் காது மாதிரி ஒரு வளைவு, வலப்பக்கம் 'கிழக்கு' என்ற எழுத்து. 'காது கிழக்கு' என்று சொன்னாலே சீனர்களுக்குப் புரிந்துவிடுமாம். ஹொக்கியன் பேச்சுமொழியில் அது டான், கான்டனீசில் சான், மாண்டரினில் சென். வியட்நாமியரின் ட்ரானும் இதேதான்.

இதன் வேர் சீனாவின் ஹெனான் மாநிலத்து ஹுவாய்யாங். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன், பழம்பெரும் அரசர் ஷுன்னின் வழிவந்தவராகக் கருதப்பட்ட ஒருவருக்கு சோவ் வம்சத்து மன்னர் வூ அங்கே சென் என்ற நாட்டை அளித்தார். பின்னர் சூ நாடு அதை விழுங்கியது. நாட்டை இழந்தவர்கள் அதன் பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்துகொண்டு போனார்கள். இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சீனாவின் தாங் அரச வம்சக் காலத்தில் ஃபூஜியன் மாநிலத்தின் சாங்சோவ் பகுதியை நிர்வகித்த சென் யுவான்குவாங்கை இன்றும் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். நம் மேகசின் ரோட்டில் 1870களில் டான் கிம் சிங்கும் டான் பெங் சுவீயும் எழுப்பிய குலக் கோயிலில் அவர்தான் மூலவர். டான் டோக் செங் மருத்துவமனை என்று தினமும் சொல்கிறோமே, அந்த டான் டோக் செங்கின் மகன்தான் கிம் சிங்.

இன நல்லிணக்க நாளன்று பள்ளிகள் உடை, உணவோடு நிறுத்தாமல் பிள்ளைகளை இந்தக் கோயிலுக்கும் ஒருமுறை அழைத்துப் போகட்டும்.

வாசகி, அங் மோ கியோ