செப்டம்பர் ஸ்கோரை நம்பி ஏமாறாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த காலேஜ் ஃபுட்பால் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றித் தமிழில் எழுதுவதே அபூர்வம் என்பதால் முதலில் நன்றி. ஆனால் முதல் மூன்று ஆட்டங்களில் யார் எத்தனை பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்று கூட்டிப் பார்த்து, இந்த அணி பலசாலி, அந்த அணி சுமார் என்று அடித்துச் சொல்லியிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். 2025-இல் எங்கள் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணி, பத்திரிகையாளர்கள் வாக்களித்து அணிகளைத் தரவரிசைப்படுத்தும் ஏபி பட்டியலில் ஆகஸ்ட் மாதம் இரண்டாம் இடம். நெவாடாவை 46-11, எஃப்ஐயூவை (ஃபுளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகம்) 34-0, வில்லனோவாவை 52-6 என்று வரிசையாக ஊதித் தள்ளியதும் ஊரே மிதந்தது. அந்த எஃப்ஐயூ ஆட்டத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து பார்த்தேன். முப்பது வருடமாக ஒரே நீல ஸ்வெட்டர் போடுகிற ரசிகர் அவர். முதல் பாதி முடியும்போது ஸ்கோர் வெறும் 10-0. மனிதர் சிப்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "பந்தைப் பார்க்காதே, பந்தை வீசுகிற குவாட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கிற ஐந்து பேரைப் பார், இவ்வளவு சின்ன டீமையே தள்ள முடியவில்லை" என்றார். எனக்கு அப்போது அது கிழவரின் முணுமுணுப்பாகத்தான் பட்டது. மறுநாள் பேப்பரில் பார்த்தால் 34-0. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். செப்டம்பர் 27 அன்று ஓரிகனிடம் இரண்டு ஓவர்டைம் போய் 30-24 தோல்வி, சரி, அது பெரிய அணி என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். அடுத்த வாரம், அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத யுசிஎல்ஏவிடம் 42-37. அதற்கடுத்த வாரம் சொந்த மைதானத்தில் நார்த்வெஸ்டர்னிடம் 22-21. மறுநாளே கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்டில் நான்காம் இடத்தில் இருந்த கிளெம்சனும் சரிந்துதான் போனது. கடைசியில் அந்த இரண்டாம் இடமும் நான்காம் இடமும் டிசம்பர் குளிரில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் பின்ஸ்ட்ரைப் பௌல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் மோதின. எங்கள் பிள்ளைகள் 22-10 என்று ஜெயித்தார்கள், அதுவும் ஒரு ஆறுதல்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. காலேஜ் அணிகளுக்கு சீசனுக்கு முன் வெளி அணிகளோடு பயிற்சி ஆட்டம் கிடையாது, அதனால் பல பெரிய அணிகள் சின்னக் கல்லூரிகளைப் பணம் கொடுத்து வரவழைத்து செப்டம்பரிலேயே அந்த வேலையை முடித்துக்கொள்கின்றன. பல வீரர்கள் போன சீசனில் வேறு கல்லூரியின் சட்டையில் இருந்துவிட்டு, அணி மாற வழி செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வந்தவர்கள். நான்காவது குவாட்டரில் இரண்டாம் வரிசைப் பையன்கள் போடும் டச்டவுனும் ஸ்கோரில் சேர்ந்துவிடுகிறது. ஃபம்பிளாகி, அதாவது கை நழுவி, உருளுகிற பந்து யார் கையில் சிக்கும் என்பதோ பூவா தலையா. ஒரே ஆட்டத்தில் அப்படி மூன்று பந்து ஒரு பக்கமே வந்தால் அதற்குப் பெயர் பலமா?

தோல்வியும் இதே மாதிரி ஏமாற்றும் என்பதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. 2014-இல் ஒஹையோ ஸ்டேட் இரண்டாவது ஆட்டத்திலேயே சொந்த மண்ணில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோற்றது. அன்றைக்கு அவர்களைக் கழித்துக்கட்டாத ஆளில்லை. அதே அணிதான் அந்த சீசனின் சாம்பியன். 2024-இல் நோட்டர் டேம் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 தோற்றுவிட்டு, அதற்குப் பிறகு வரிசையாக ஜெயித்து இறுதி ஆட்டம் வரை போனது. 2025-இல் முதல் வாரமே அலபாமாவை 31-17 என்று சாய்த்த ஃபுளோரிடா ஸ்டேட் கடைசியில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. தோற்ற அலபாமாதான் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனது!

பிளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியே அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் வரை தன் பட்டியலை வெளியிடுவதில்லை. ஏபி பட்டியல்தான் ஒரு பந்தும் வீசும் முன்பே வந்துவிடுகிறது, அதில் மேலே உட்கார்ந்த அணியை அது தோற்கும் வரை அதிகம் இறக்கத் தயங்குகிறார்கள்.

பட்டியலே போடாதீர்கள் என்று சொல்லவில்லை, போட்டால்தான் எங்களுக்கும் சண்டை போட விஷயம் கிடைக்கும். ஆனால் செப்டம்பரில் போடும்போது ஸ்கோருக்குப் பக்கத்தில் எதிரணி யார், இடைவேளையில் ஸ்கோர் என்ன, பந்தோடு முன்னேறப் பார்க்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் சராசரியாக எத்தனை கெஜம் போனார்கள் என்று மூன்று கட்டம் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாது என்றால் உங்கள் கட்டுரையோடு வரும் கோச்சுகளின் போட்டோவைக் கொஞ்சம் சின்னதாக்கலாம்.

இப்படிக்கு,
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வாசகர்