ஆற்றுக்கரைப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இடது கரையில் 1,200 மீட்டர் நீளத்துக்கு எடுத்துக்கொண்ட பலப்படுத்தும் வேலையும், அதனுடன் சேர்ந்த மதகு, நீர்மட்ட அளவுகோல், தங்குமிடம், கிணற்று வேலைகளும் முடிந்துவிட்டன. வளைவில் கல் பாவும் வேலை மட்டும் பாதியில் நிற்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்ததும் தனித் தாளாக வரும்.

வேலை நடந்த நாளெல்லாம் உறுப்பினர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "இவ்வளவு மண் கொட்டியும் கரை பழைய உயரத்திலேயே இருக்கிறதே, ஏன்?" உண்மைதான், நாம் கரையை உயர்த்தவில்லை. போட்ட உழைப்பில் பெரும்பகுதி கரையின் வயிற்றுக்குள்ளும், ஊர்ப்பக்க அடியிலும் போயிருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது.

கரையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால்தான் அது உடையும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரின் 17ஆம் தெருக் கால்வாய்ச் சுவர், தண்ணீர் அதன் உச்சியை எட்டும் முன்பே சரிந்தது, அடிமண் தாங்கவில்லை. 1953இல் நெதர்லாந்தில் கடல் ஏறியபோது, வழிந்த தண்ணீர் ஊர்ப்பக்கச் சரிவை அரித்ததால் பல கரைகள் பின்பக்கமாகவே கரைந்து போயின. பலவீனமான அடியின் மேல் இன்னும் ஒரு மீட்டர் மண்ணை ஏற்றினால், அந்த அடிக்குச் சுமையைக் கூட்டியதாகத்தான் ஆகும்.

முதலில் 20 மீட்டருக்கு ஓர் இடமாக 61 இடங்களில் கரையின் தலைமட்டம் பார்த்தோம். நான்கு இடங்களில் பள்ளம் இருந்தது. மாடுகள் ஆற்றுக்கு இறங்கும் தடத்தில் மட்டும் 45 செ.மீ. தாழ்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் வெள்ளம் ஏறுவது இந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். ஏறியதும் முழு வேகமும் அந்த ஐந்தாறு மீட்டர் அகலத்தில் குவியும். அந்த நான்கு பள்ளங்களை மட்டும் நிரப்பினோம். மாட்டுத் தடத்தைக் கருங்கல் பாவிய சாய்தளமாக மாற்றிவிட்டோம். இல்லையென்றால் இரண்டு வருடத்தில் பழையபடி பள்ளம் விழும்.

நிரப்பிய விதத்தையும் சொல்ல வேண்டும். பழைய கரையின் மேல் அப்படியே மண்ணைக் கொட்டினால் புது மண்ணும் பழைய மண்ணும் ஒட்டாது. இடையில் தண்ணீர் புகுந்து மேல் மண் பாளமாகச் சறுக்கும். அதனால் புல்லும் வேரும் கலந்த மேல்மண்ணை 15 செ.மீ. சீவி எடுத்து, சரிவில் படிப்படியாக வெட்டி, அதன்மேல் 20 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்கு மண் போட்டு, ரோலர் ஓட்டி, பிறகுதான் அடுத்த அடுக்கு போடப்பட்டது. ஈரப்பதத்தைக் கையாலேயே பார்க்கலாம். ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். முழங்கால் உயரத்திலிருந்து விட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். கையிலேயே உதிர்ந்தால் தண்ணீர் போதாது. உள்ளங்கை நனைந்து உருண்டை நசுங்கினால் தண்ணீர் அதிகம். அப்போது ரோலர் ஏறினால் மண் மெத்தைபோல அமுங்கி எழும்பும், இறுகாது. ஒரு நாள் மாலை மழைக்குப் பின் அவசரமாகப் போட்ட அடுக்கு அப்படித்தான் ஆனது. ஒப்பந்தக்காரருக்கு மனமில்லை, இருந்தாலும் அந்த அடுக்கை முழுவதும் வாரி எடுத்து உலர்த்தித் திரும்பப் போட வைத்தோம்.

வளைகளை அடைத்ததுதான் நாள் பிடித்த வேலை. எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று எல்லாம் சேர்த்து 87 துளைகள். வாயில் மட்டும் மண் வைத்து மூடுவது கண்துடைப்பு. தண்ணீர் மட்டம் ஏறும்போது உள்ளே இருக்கும் குழாய்ப்பாதை அப்படியே இருக்கும். ஆழம் குறைந்தவற்றைத் தோண்டிக் களிமண் போட்டு அடுக்கடுக்காக இடித்தோம். ஆழமானவற்றில் களிமண் கரைசலைக் கூழ் பதத்தில் ஊற்றி, இறங்கிய பின் மறுநாளும் ஊற்றி, மூன்றாம் நாள் வாய்வரை நிரம்பி நின்ற பிறகே மூடினோம். ஒரு புற்று மட்டும் எட்டுக் குடம் குடித்தது. நெதர்லாந்தில் கரையைத் துளைக்கும், நீரில் வாழும் எலி போன்ற விலங்குகளைப் பிடிப்பதற்கென்றே அரசுச் சம்பளத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். இது சில்லறை வேலையல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

கரைமேல் இருந்த பட்ட மரங்களின் அடிக்கட்டைகளையும் எடுத்தோம். மரத்தை வெட்டினால் போதாதா என்று கேட்டவர்களுக்கு: உயிர்வேர் மண்ணைப் பிடிக்கும், செத்த வேர் மட்கி, தன் வடிவத்திலேயே ஒரு குழாயை விட்டுப்போகும். விரல் கனத்துக்கு மேற்பட்ட வேர்களைத் தொடர்ந்து தோண்டி எடுத்து, குழியை இடித்து நிரப்பினோம். இனி கரைமேல் புல் மட்டும்தான். யாரும் மரக்கன்று நட வேண்டாம்.

கரையைக் குறுக்கே துளைத்துப் போன பழைய பாசனக் குழாய்கள் மூன்று. கரைக்கு இவைதான் பெரிய எதிரி. குழாயின் வயிற்றுக்கு அடியில் ரோலரும் ஏறாது, இடிகட்டையும் நுழையாது; அங்கே மண் எப்போதும் தளர்வாகவே இருக்கும். வெள்ளத்தின்போது தண்ணீர் குழாய்க்குள்ளே வருவதைவிட, அதன் வெளிப்புறத்தை ஒட்டி வருவதுதான் ஆபத்து. மூன்றையும் பெயர்த்தெடுத்தாயிற்று. வடிகாலுக்கான ஒரே ஒரு குழாய் மட்டும் புதிதாக வைக்கப்பட்டது. அதன் ஊர்ப்பக்க மூன்றில் ஒரு பங்கு நீளத்தைச் சுற்றிலும் சுத்தமான மணல் போர்வை இருக்கிறது. வெளிப்புறமாகக் கசிந்து வரும் தண்ணீர் மணலுக்குள் வடியும். கூடவே வரும் மண் துகள் மணலில் சிக்கிக்கொள்ளும்.

அந்தக் குழாயின் ஆற்றுப்பக்க வாயில் தொங்கு கதவு ஒன்று உண்டு. உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், ஆறு ஏறினால் தானே சாத்திக்கொள்ளும். ஆனால் ஒரு தேங்காய் மட்டையோ பிளாஸ்டிக் புட்டியோ இடையில் சிக்கினால் பாதி திறந்தே நிற்கும். ஆறு ஊருக்குள் வந்துவிடும். அதனால் அதற்குமுன் திருகு கம்பியில் இறங்கும் ஷட்டர் ஒன்றும் போட்டிருக்கிறோம். மாதம் ஒரு தடவை முழுக்க இறக்கி ஏற்றி, திருகுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். வெள்ள நேரத்தில் அசையாத ஷட்டர்கள் எல்லாம் வெயில் காலத்தில் யாரும் தொடாதவை. ஷட்டரைச் சாத்தினால் ஊருக்குள் பெய்யும் மழைக்குப் போக்கிடம் இல்லை. அதற்கு டீசல் பம்பு ஒன்று, 1.2 மீட்டர் உயர மேடைமேல் இருக்கிறது. அதன் குழாய் கரைக்கு மேலாகத் தாண்டிப் போகும். உள்ளே துளைத்துப் போகாது.

அடுத்தது ஊர்ப்பக்க அடி. இங்கே 300 மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு வெள்ளத்திலும் தரை சொதசொதவென்று ஆகும். முன்பு யாரோ நல்லெண்ணத்தில் கசிந்த இடத்தின்மேல் களிமண்ணும் சிமென்டும் பூசியிருந்தார்கள். தண்ணீர் நிற்கவில்லை; நாலு மீட்டர் தள்ளிப் பொங்கியது. வெளியேறும் பக்கத்தை அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும், அவ்வளவுதான். அந்தப் பூச்சை உடைத்தெடுத்து, 1 மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் தோண்டி, கரை மண்ணை ஒட்டி மெல்லிய மணல், அடுத்துப் பருமணல், பின் சிறு ஜல்லி, கடைசியில் கருங்கல் என்ற வரிசையில் நிரப்பினோம். வரிசை மாறினால், ஜல்லியின் இடுக்கு வழியே கரை மண்ணே வெளியேறிவிடும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. இந்த வேலை முழுவதும் அதற்குத்தான்.

காவலுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தான். ஆற்றை எல்லாரும் பார்ப்பார்கள். காவலர் ஊர்ப்பக்கச் சரிவிலும் அடியிலும் நடக்க வேண்டும். 300 மீட்டருக்கு இருவர், கையில் விளக்கும் கம்பும். ஊற்று ஒன்று தெளிந்த தண்ணீராக வந்தால் அடையாளக் குச்சி நட்டுக் கண்காணியுங்கள். கலங்கலாக வந்தாலோ, சுற்றிலும் எறும்புப் புற்றுபோல மண் குவிந்தாலோ, கரையின் உள்மண் அரித்து வருகிறது என்று பொருள். அதை அடைக்காதீர்கள். சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் தேங்கி நிற்க விடுங்கள். தேங்கிய தண்ணீரின் எடை எதிர் அழுத்தம் தரும். ஊற்று தெளியும் உயரத்தோடு நிறுத்திவிட்டு, மிச்சம் வழிந்தோட ஒரு வாய் வையுங்கள். தண்ணீர் வற்றத் தொடங்கியதும் வீட்டுக்குப் போய்விட வேண்டாம். ஆறு வேகமாக இறங்கும்போது, ஊறிய கரைக்கு ஆற்றுப்பக்கம் தாங்கல் இல்லாமல் போய் அந்தச் சரிவு சறுக்கும். இறங்கிய பிறகும் மூன்று நாள் காவல் உண்டு.

மணல் மூட்டைக்கு 3,000 காலிப் பைகள் இருட்டறையில் இருக்கின்றன. பிளாஸ்டிக் இழைப் பைகள் சில மாத வெயிலிலேயே பொடிந்துபோகும். பாதி அளவுக்கு மட்டும் மணல் நிரப்புங்கள். பிதுங்கப் பிதுங்க நிரப்பிய மூட்டை உருளைபோல நிற்கும், இடுக்கு மூடாது. வாயைக் கட்ட வேண்டாம். மடித்து அடியில் செருகி, மடிப்பு தண்ணீர் வரும் திசையைப் பார்க்க வைத்து, செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்து அமுக்குங்கள். அடி அகலம் உயரத்தைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். 30 மீட்டர் நீளத்துக்கு 30 செ.மீ. உயர்த்தவே 600 முதல் 800 மூட்டை பிடிக்கும். உயரம் இரட்டித்தால் மூட்டை மும்மடங்குக்கு நெருங்கும். ஆகவே நம் கையிருப்பு ஊற்றுகளைச் சுற்றவும் திடீர்ப் பள்ளங்களை மூடவும்தான். கரை முழுவதையும் உயர்த்த அல்ல. மணல் குவியல் பள்ளிக்கூடத்து மேட்டில் இருக்கிறது. கரையடியில் வைத்தால் தேவைப்படும் நாளில் அது தண்ணீருக்குள் இருக்கும்.

பாலத்துத் தூணில் அளவுகோல் வரைந்து, அதில் கீழிருந்து மேலாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கைக் கோடுகள் போட்டு, இரவில் தெரிய ஒளிரும் பட்டை ஒட்டியாயிற்று. சிவப்புக் கோடு ஏன் கரை உச்சிக்கு 1 மீட்டர் கீழே இருக்கிறது என்றும் கேட்டார்கள். ஒத்திகையில் எல்லாரும் தங்குமிடம் சேர 3 மணி 10 நிமிடம் ஆனது. இரவிலும் மழையிலும் 4 மணி நேரம் என்று வைத்தோம். ஆற்றுமட்டம் ஒரு மணி நேரத்துக்கு 20 செ.மீ. வீதம் ஏறினால் அந்த 4 மணி நேரத்தில் 80 செ.மீ.; மேலே 20 செ.மீ. பாதுகாப்பு. அதைவிட வேகமாக ஏறினால் சிவப்புக் கோட்டுக்காகக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். மஞ்சளில் காவல் தொடங்கும், கால்நடைகள் மேடேறும். ஆரஞ்சில் ஷட்டர் இறங்கும். நோயாளிகள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள் முதலில் புறப்படுவார்கள். சிவப்பில் யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. அறிவிப்புக்குப் பேட்டரி ஒலிபெருக்கி இருக்கிறது, ஏனென்றால் மின்சாரம் போனால் சற்று நேரத்தில் கைபேசிக் கோபுரமும் போகும். தண்ணீர் ஓடும் சாலையில் இறங்காதீர்கள்: வேகமாக ஓடினால் 15 செ.மீ. ஆளைத் தள்ளும், 30 செ.மீ. சிறு காரை மிதக்க வைக்கும்.

தங்குமிடக் கூடம் 280 சதுர மீட்டர். ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்ற ஸ்பியர் (பேரிடர் நிவாரணத்துக்கான உலகத் தர வரையறை) அளவுப்படி 80 பேருக்குத்தான் சரியாக இருக்கும். 120 பேர் வரலாம் என்று கணக்கு இருப்பதால் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளையும் சேர்த்திருக்கிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்றால் 1,800 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி இரண்டே முக்கால் நாள் வரும். கழிப்பறை 20 பேருக்கு ஒன்று வீதம் ஆறு; பெண்களுக்கானவை தனி வாசலுடன், உள்தாழ்ப்பாளுடன், விளக்குடன். மின்பலகையும் ஜெனரேட்டரும் மாடிக்குப் போய்விட்டன.

பொதுக் கிணறுகளின் கைப்பிடிச் சுவரை உயர்த்தி, சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டோம். வெள்ளம் புகுந்துவிட்டால் முதலில் இறைத்துச் சேறெடுத்து, தண்ணீர் தெளிந்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர். கலங்கலில் குளோரின் அழுக்கோடே செலவாகிவிடும். முதல் தடவை எவ்வளவு கூட்டிப் போடுவது என்பதைச் சுகாதார ஆய்வாளர் சொல்லட்டும். அதன்பின் தினசரி அளவுக்குக் கணக்கு இது: விட்டம் 3 மீட்டர், தண்ணீர் 4 மீட்டர் என்றால் 3.14 × 3 × 3 × 4 ÷ 4, அதாவது 28 கன மீட்டருக்குச் சற்று மேல், 28,260 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் வீதம் 71 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பின் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். திறந்த பவுடர் வீரியம் இழக்கும். வருடத்துக்கு மொத்தமாக வாங்காமல் மழைக்காலத்துக்கு முன் புதிதாக வாங்குவதே நல்லது.

இனி மிச்சம் நிற்கும் வேலை. ஆற்றின் வெளிவளைவில் வேகமும் அரிப்பும் அதிகம். கரையின் அடியையே தோண்டும். அங்கே சரிவில் கல் பாவினால் மட்டும் போதாது, அடி பறிபோனால் பாவிய கல் முழுவதும் சரியும். அதனால் ஆற்றுப் படுகையில் 5 மீட்டர் அகலத்துக்குத் தளர்வாகக் கல்லைப் பரப்ப வேண்டும். ஆறு தோண்டத் தோண்ட அந்தக் கற்கள் தாமே உருண்டிறங்கி, புதுச் சரிவைப் போர்த்திக்கொள்ளும். 140 மீட்டரில் 80 மீட்டர் முடிந்தது. மீதி 60 மீட்டருக்கு வந்த கல் கைக்கடக்கமான அளவில் இருந்ததால் திருப்பி அனுப்பினோம். அந்த அளவுக் கல்லை முதல் வெள்ளமே இழுத்துப் போகும். அடுத்த கோடையில்தான் படுகை மறுபடி காயும். அதுவரை இந்த 60 மீட்டரில் மஞ்சள் கோட்டுக்கே இரட்டைக் காவல் போட வேண்டும். 500 மூட்டை நிரப்பி அங்கேயே தார்ப்பாயின் கீழ் வைத்திருக்கிறோம்.

ஷட்டர் கைப்பிடி இரண்டு உள்ளன. ஒன்று மதகுக் கொட்டகையில், மற்றொன்று தங்குமிட மாடியில், பூட்டில்லாத பெட்டியில். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தவர் அங்கிருக்கும் நோட்டில் நேரத்தை எழுதுங்கள்.