வறுமையை ஆசை என்று அச்சிட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில், சமூக நலத் திட்டங்களின் வரலாறு பற்றி வந்த மொழிபெயர்ப்புக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். பிரித்தானியாவில் 1942இல் வில்லியம் பெவரிட்ஜ் வெளியிட்ட அறிக்கை அதில் பேசப்படுகிறது. நாட்டை வாட்டும் ஐந்து பூதங்கள் என்று அவர் சொன்னவை ‘ஆசை, நோய், அறியாமை, அழுக்கு, சோம்பல்’ என்று அச்சாகியிருக்கின்றன. முதலாவதும் கடைசியும் பிழை. எழுத்துப் பிழையாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். இந்தப் பிழையோ ஏழையின் தலையில் பழியைப் போடுகிறது. ஆசைப்பட்டதாலும் சோம்பிக் கிடந்ததாலும்தான் மனிதர் பட்டினி கிடக்கிறார் என்று அந்த வரியை வாசிப்பவர் நினைப்பார். பெவரிட்ஜ் சொன்னது வறுமையையும் வேலையின்மையையும்.

முப்பது வருடங்களுக்கு மேல் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவன் நான். உங்கள் மொழிபெயர்ப்பாளர் எந்த இடத்தில் தடுக்கினார் என்பது எனக்குத் தெரிகிறது. பெவரிட்ஜ் முதல் பூதத்துக்கு வைத்த ‘வொண்ட்’ (want) என்ற ஆங்கிலச் சொல்லை நாம் எல்லோரும் சிறு வயதிலேயே ‘வேண்டும்’ என்று பாடமாக்கிவிட்டோம். தெரிந்த சொல்லுக்கு யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. தெரியாத சொல்லைவிட அதுதான் ஆபத்து.

அந்தச் சொல் ஆங்கிலேயருக்கே வந்து சேர்ந்த சொல். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து குடியேறிய வைக்கிங் கடலோடிகளின் மொழியில் ‘வந்தா’ என்றால் இல்லாதிருத்தல், குறைவுபடுதல். 1200ஆம் ஆண்டளவில் அது ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. ஒல்லாந்தர் போய் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகியும், அலுவலகத்தைக் குறிக்கும் அவர்களுடைய ‘கந்தோர்’ நம் வாயில் நிற்கிறதே, அப்படி. ஆங்கிலத்தில் சன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’வும் அந்தக் கடலோடிகள் விட்டுப்போனதுதான், காற்றின் கண் என்று பொருள். சிலப்பதிகாரத்தில் வரும் ‘காலதர்’ காற்றின் வழி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இல்லாமை என்ற பொருளோடுதான் ‘வொண்ட்’ ஐந்நூறு வருடம் வாழ்ந்தது. விரும்புதல் என்ற பொருள் அதில் ஏறியது 1700களின் தொடக்கத்தில். எது இல்லையோ அதை மனம் நாடும். அந்த ஒட்டுறவில் பொருள் நகர்ந்துவிட்டது. நிலவு தேய்வதைச் சொல்லும் ‘வேன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. வெறுமை என்ற பொருள் கொண்ட இலத்தீன் ‘வானுஸ்’கூட இந்தக் குடும்பம்தான். ஆசைக்கு இந்தக் குடும்பத்தில் ஆதியில் இடமே இருக்கவில்லை.

1611இல் அச்சான ஆங்கில வேதாகமம் இந்தப் புதுப் பொருளுக்கு முந்தியது. அதன் இருபத்துமூன்றாம் சங்கீதத்தில், ஆண்டவர் என் மேய்ப்பர் என்பதை அடுத்து இந்தச் சொல்தான் எதிர்மறையில் வருகிறது. இன்றைய பொருளில் வாசித்தால் ‘எனக்கு வேண்டாம்’ என்றல்லவா ஆகிவிடும்? நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று இருக்கிறது. எத்தனை சரியான சொல்! நான் இந்து. ஆனாலும் புளியந்தீவில் எத்தனையோ செத்த வீடுகளில் அந்த வரியைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம், அதை மொழிபெயர்த்தவர்களை மனதுக்குள் வணங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கடலோடிகள் ‘நான்’ என்று இந்த வினையைத் தொடங்கியதில்லை. ‘என்னை இல்லாமை பிடித்திருக்கிறது’ என்பது போலத்தான் அவர்கள் வாக்கியம் அமையும். ஐஸ்லாந்து மக்கள் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். தமிழும் ‘எனக்கு வேண்டும்’ என்கிறது. ‘நான்’ என்று எழுவாயைப் போட்டு ‘நான் வேண்டுகிறேன்’ என்றால் அது கோயிலில் நிற்பவரின் பேச்சாகிவிடும். ஆனால் நம்முடைய ‘வேண்டு’வுக்குள் குறை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் ‘உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது’ என்ற அடியைப் பாடாமல் எங்கள் பக்கத்தில் யாரும் பள்ளிக்கூடம் முடித்ததில்லை. உத்தமனாருக்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. இருந்தும் வேண்டுகிறார். பழைய ‘வொண்ட்’டை அங்கே வைத்தால் இறைவனையே இல்லாதவர் ஆக்கிவிடுவோம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடற்கரைப் பக்கத்துச் சனம் பாடசாலைகளில் தங்கியிருந்த நாட்களில் நிவாரணப் படிவங்களோடு வந்த ஒரு வெளிநாட்டவருக்கு நான் மொழிபெயர்த்தேன். படிவத்தின் ஒரு நிரலுக்கு மேல் ‘வொண்ட்’ என்ற இந்தச் சொல்தான் இருந்தது. வகுப்பறை மூலையில், மேசைகளை மறைப்பாக இழுத்துவைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தார். “தங்கச்சி, உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டேன். “அரிசி தந்தார்கள் ஐயா. அரிக்கன்சட்டி இல்லை. உலைமூடி இல்லை. மூத்தவனுக்கு ஒரு கால் செருப்பு இல்லை” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவருடைய படம் ஒன்றுகூட இல்லை” என்றார்.

வேண்டும் என்ற சொல் அவர் வாயில் ஒரு தடவையும் வரவில்லை. சட்டியையும் மூடியையும் செருப்பையும் வெள்ளைக்காரர் வரிசையாக எழுதிக்கொண்டார். படத்தை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. வெள்ளைக்காரர் கேட்டதும் அந்தச் சொல்லை நான் ‘ஆசை’ என்று சொல்லியிருந்தால், அந்தப் பெண்ணின் முகத்தைப் பிறகு நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

உங்கள் பத்திரிகை வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்கள் வரைக்கும் போகிறது. வெள்ளத்தில் வேளாண்மையைப் பறிகொடுத்தவரும், நாட்கூலிக்கு ஆள் கூப்பிடுவார்களா என்று விடிய எழும்பிக் காத்திருப்பவரும் அதை வாசிக்கிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் பூதங்கள் ஆசையும் சோம்பலும் என்று சொல்லிவிட்டோம். வரும் ஞாயிறு இதழில் திருத்தம் ஒன்றை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் போடுங்கள். ‘ஆசை’ என்றிருந்த இடத்தில் ‘வறுமை’ என்றும் ‘சோம்பல்’ என்றிருந்த இடத்தில் ‘வேலையின்மை’ என்றும் வாசிக்கும்படி இரண்டே வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.