ரவிக்கு: மருந்துக்கடைக்காரனின் பால்யம் பற்றி

அன்புள்ள ரவி,

பொங்கல் வாழ்த்துக்கே இன்னும் பதில் போடாதவன் என்று நீ திட்டுவது இங்கே வரை கேட்கிறது. திட்டிக்கொள். ஆனால் தயாரிப்பாளர் உன்னை முன்கதை எழுதச் சொல்லியிருக்கிறார் என்பதை பாஸ்கர் சொல்லித்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? அவன் வாயில் விழுந்த சேதி சாலிகிராமம் முழுக்கப் போயிருக்கும். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. இப்போது சீரியலில் யார் புடவைக்கு என்ன பார்டர் என்பது வரை சொல்கிறாள். மூர்த்தி சார் அப்படியேதான் இருக்கிறார், வெற்றிலைப்பெட்டி உட்பட. விஷயத்துக்கு வருகிறேன்.

உன் முதல் படத்தின் கொலைகாரன், அந்த மருந்துக்கடைக்காரன், ஏன் அப்படி ஆனான் என்று ஜனங்களே கேட்கிறார்களாம். கேட்பார்கள்தான். தியேட்டரை விட்டு வெளியே வருகிறவனை நிறுத்தி "அவன் சின்ன வயசைக் காட்டட்டுமா?" என்றால் எவன் வேண்டாம் என்பான்? காட்டியபிறகு அதே ஆள் என்ன சொல்கிறான் என்று பார். 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில் வரும் நரமாமிசம் தின்னும் மனநல மருத்துவன் ஹானிபல் லெக்டரை வைத்தே பார்க்கலாம். ஒரே ஆளுக்கு மூன்று முன்கதை எடுத்தார்கள்: 2002-இல் 'ரெட் டிராகன்', 2007-இல் 'ஹானிபல் ரைசிங்', 2013 முதல் 2015 வரை 'ஹானிபல்' தொடர். பார்த்தவர்கள் ஒன்றை மதித்தார்கள், ஒன்றைத் தூக்கி எறிந்தார்கள், ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். மூன்றிலும் ஆள் அவனேதான், அதே புத்தி, அதே நாக்கு. அப்புறம் ஏன் மூன்று தீர்ப்பு? உன் ஒன்லைனை எழுதும் முன் இதை யோசித்துவிடு.

திட்டு வாங்கியதை முதலில் எடுப்போம். 'ஹானிபல் ரைசிங்' பிறந்த விதமே உன் கதைதான். தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ் கையில் பாத்திரத்தின் உரிமை இருந்தது. நாவலாசிரியர் தாமஸ் ஹாரிஸ் எழுத மறுத்தால் வேறு ஆளை வைத்து எடுத்துக்கொள்வேன் என்று சொன்னதாக டி லாரன்டிஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஹாரிஸ் நாவலும் எழுதினார், திரைக்கதையும் எழுதினார். 1944, லித்துவேனியா. போர்க்காலப் பஞ்சத்தில் கொள்ளைக்கூட்டம் ஒன்று பையனின் தங்கை மிஷாவைத் தின்றுவிடுகிறது. அவன் பிரான்சுக்குப் போய் மருத்துவம் படித்து, ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கொல்கிறான். அவ்வளவுதான்.

படம் வந்ததும் எழுந்த குறை ஒன்றே ஒன்று: "காரணம் சொல்லிப் பயத்தைக் கெடுத்துவிட்டார்கள்." எல்லாரும் இதையே சொல்கிறார்கள். எனக்கு இது பாதிதான் சரி. அவன் யாரைக் கொல்கிறான் என்று பார். பெரியம்மா முறையுள்ளவளை மார்க்கெட்டில் கேவலமாகப் பேசிய கசாப்புக்காரன். பிறகு தங்கையைத் தின்ற கூட்டம். ஒவ்வொருத்தனும் இவனைவிடக் கேடுகெட்டவன். தியேட்டரில் இருப்பவன் "வெட்டுடா" என்கிறான். அங்கேயே திரில்லர் செத்துவிடுகிறது ரவி. மிஞ்சுவது பழிவாங்கும் படம், அதை நம் ஊரில் வாரத்துக்கு ஒன்று எடுக்கிறார்கள். பயம் வேண்டுமானால் சாகக்கூடாத ஒருத்தர் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்தப் பெரியம்மாவாக வரும் கோங் லியும் இன்ஸ்பெக்டராக வரும் டொமினிக் வெஸ்ட்டும் அருகில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு இவனால் ஆபத்து வரும் என்று ஒரு நொடிகூடத் தோன்றுவதில்லை. இளம் லெக்டராக நடித்த காஸ்பார் உல்லியெல் பாவம், ஒரு பக்க உதட்டுச் சிரிப்பை வைத்துக்கொண்டு முடிந்ததைச் செய்திருக்கிறார். அவர் மேல் பழி இல்லை. எழுத்திலேயே தோற்றுப்போன வேடம் அது.

இதில் இன்னொரு கூத்து. 1988-இல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' நாவலில், என்னைப் பாதித்தவற்றைக் கூட்டிப் பார்த்து என்னைக் கணக்குப் போட்டுவிட முடியாது என்று லெக்டரே, சிறையில் தன்னைப் பார்க்க வரும் எஃப்பிஐ பயிற்சிப்பெண் கிளாரிஸிடம் சொல்கிறான். பாத்திரமே மறுத்ததைப் படைத்தவர் பதினெட்டு வருஷம் கழித்து எழுதினார். உன் மருந்துக்கடைக்காரனும் முதல் படத்தில் கிட்டத்தட்ட இதே தோரணையில்தான் ஒரு வசனம் பேசுகிறான், நீ எழுதியது. மறந்துபோயிருந்தால் டிவிடியை எடுத்துப் பார்.

சரி, காரணமே சொல்லக்கூடாதா? இங்கேதான் 'ரெட் டிராகன்' வருகிறது, இதை நீ மறுபடி நிதானமாகப் பார்க்க வேண்டும். அதில் கொலைகாரன் டாலர்ஹைடுக்கு முழுசாக ஒரு பால்யம் உண்டு. வதைத்த பாட்டி, பிளவுபட்ட உதடு, எல்லாம் உண்டு. அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏன்? ஃப்ளாஷ்பேக் என்று தனியாக ஒரு ரீல் கிடையாது. பாட்டியின் குரல் வருகிறது. பாழடைந்த பெரிய வீடு வருகிறது. கடைசியில் துப்பறிகிற வில் கிரகாம் அந்தக் குரலின் வார்த்தைகளையே எடுத்துத் தன் மகன்மேல் வீசி, கொலைகாரனைத் தன் பக்கம் திருப்புகிறான். பால்யம் அங்கே விளக்கம் இல்லை, சண்டையில் எறியும் ஆயுதம். அதைவிட முக்கியம், டாலர்ஹைடுக்குக் காரணம் தெரிந்தபிறகு அந்தப் பார்வையற்ற பெண் ரீபாவுக்காக நமக்குப் பயம் கூடுகிறது, குறைவதில்லை. மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்த புலியின் ரோமத்தில் அவள் காதை வைத்து மூச்சைக் கேட்கும் காட்சி நினைவிருக்கிறதா? எமிலி வாட்சன் புலியைத் தொடுகிறாள், ரால்ஃப் ஃபைன்ஸ் அவளைப் பார்க்கிறான். ரத்தம் கிடையாது, கத்தி கிடையாது, ஆனால் அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவனை நேசிக்க ஆரம்பித்துவிட்டாள், அவனுக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. இனி அவள் பிழைப்பாளா?

இன்னொன்றையும் கவனி. 'ரெட் டிராகன்' திரையில்தான் முன்கதை. நாவல் 1981-இல் வந்தது; கிளாரிஸ் என்ற பெண் அப்போது ஹாரிஸ் மனதிலேயே இருந்திருக்க மாட்டாள். அதனால் அந்தக் கதை யாருக்கும் எதையும் விளக்கக் கடமைப்பட்டதில்லை. தனி வழக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு குடும்பம் சாகிறது, அடுத்த பௌர்ணமிக்குள் பிடிக்க வேண்டும். லெக்டர் ஏற்கெனவே சிறையில். அவன் சாகமாட்டான், இப்போது தப்பிக்கவும் மாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே சஸ்பென்ஸை அவன்மேல் வைக்கவே இல்லை, டாலர்ஹைடுமேல் வைத்தார்கள். உனக்கும் அதுதான் வழி: உன் முன்கதையின் கொலைகள் மருந்துக்கடைக்காரன் செய்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

துப்பறியும் பக்கத்துக்கும் அதிலேயே பாடம் இருக்கிறது. பூட்டை வெட்டும் கருவியோடு வந்த கொலைகாரனுக்கு, அந்தப் பூட்டு தொங்கிய கதவே வீட்டில் இல்லை, முன்னமே மாற்றிவிட்டார்கள். அப்படியானால் பழைய கதவை அவன் எங்கே பார்த்தான்? வீட்டில் எடுத்த சினிமாச் சுருளில். இரண்டு குடும்பமும் சுருளைக் கழுவக் கொடுத்தது ஒரே லேபில். ஒரு பிசகிய விவரம் வழக்கையே திறக்கிறது. உன் முதல் படத்தில் செல்போன் டவரை வைத்து ஆளைப் பிடித்தாயே, அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

குறை இல்லாத படமா? இல்லை. நட்சத்திரத்துக்காக லெக்டர் காட்சிகளை ஊதிவிட்டார்கள் என்பது பார்த்தவர்களின் நியாயமான புகார். 1991-இல் வந்த 'லாம்ப்ஸ்' படத்தில் லெக்டராக ஹாப்கின்ஸ் வருவது எப்படி அளந்தாலும் அரைமணி நேரத்துக்குள்தான், அதற்கே ஆஸ்கார். அங்கே ஒரு நர்ஸை அவன் என்ன செய்தான் என்று கிளாரிஸிடம் போட்டோவை நீட்டுகிறார்கள். நமக்கு அந்தப் போட்டோ காட்டப்படுவதே இல்லை, சிவப்பு வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும். 2002-இல் எல்லாவற்றையும் காட்டினார்கள். வயசு அடுத்த பிரச்னை: 52 வயசு வாக்கில் நடித்தவர் 64 வயசில் பத்து வருஷம் இளையவனாக வந்தால் எந்த விளக்கும் காப்பாற்றாது. தொடக்கக் காட்சியில் அந்தக் குட்டிக் குடுமியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. உன் ஹீரோவுக்கும் வயசு ஏறியிருக்கிறது, இப்போதே சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் முகத்தை வழித்துச் சின்னப் பையனாக்கும் யோசனை எடுபடாது, ரசிகன் காட்சியை விட்டுவிட்டுத் தாடையைத்தான் பார்ப்பான். அந்த வருஷங்களைத் தொடாதே, அல்லது வேறு நடிகனைப் போடு.

இதே நாவலை மைக்கேல் மன் 1986-இல் 'மேன்ஹன்டர்' என்று எடுத்தார், பிரையன் காக்ஸ் லெக்டர். இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, டான்டே ஸ்பினோட்டி. முன்னதில் வெள்ளை வெளேரென்ற சிறை. பின்னதில் பழைய கல் நடைபாதை, 'லாம்ப்ஸ்' பார்த்தவர்களுக்கு வீடு திரும்பிய உணர்வு வரட்டும் என்று. முந்தையதைப் பார்த்தவர்களுக்குப் பிந்தையது சப்பென்று இருக்கிறது, 'லாம்ப்ஸ்' வழியாக வந்தவர்களுக்கு முந்தையது அந்நியமாக இருக்கிறது. இந்தச் சண்டை ஓயாது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார். லெக்டரைப் பிடித்த கதையை மன் காட்டவே இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்குகளுக்கு நடுவே நின்று கிரகாம் தன் மகனிடம் வாயால் சொல்கிறான், அவ்வளவே. 'ரெட் டிராகன்' இயக்குநர் பிரெட் ராட்னரோ அதையே முழுக்காட்சியாக எடுத்தார்: விருந்து, இரவில் வரும் கிரகாம், சமையல் புத்தகத்தில் குறித்து வைத்த ஒரு பக்கம், கத்தி. காட்டியது தப்பில்லை, அந்த விருந்துக் காட்சிதான் படத்திலேயே சிறந்தது. ஆர்கெஸ்ட்ராவில் சுருதி தப்பி வாசித்த புல்லாங்குழல்காரன் காணாமல் போயிருக்கிறான், ஆர்கெஸ்ட்ரா நிர்வாகக்குழு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுகிறது, இது என்ன என்று ஒருத்தி கேட்கிறாள். நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

அந்தச் சில நிமிஷத்தைத்தான் 2013 தொடர் மூன்று சீசனாக இழுத்தது, அதற்குத்தான் ஜனங்கள் ஆடினார்கள். லெக்டராக வரும் மேட்ஸ் மிக்கல்சன் வெளியே சுதந்திரமாக இருக்கிறான், எஃப்பிஐ ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிறான். ஜானிஸ் பூன் என்ற உணவு அலங்காரக் கலைஞர் தட்டு தட்டாகச் செய்தவை, பார்த்தால் நாக்கில் நீர் ஊறும், உடனே வயிற்றைப் புரட்டும். இவன் நரமாமிசம் தின்பவன் என்று ரசிகனுக்கு முன்பே தெரிந்திருப்பதை மற்ற முன்கதைகள் சுமையாகச் சுமந்தன. இது அதையே விறகாக எரித்தது. லெக்டரின் பால்யம் அங்கேயும் எட்டிப் பார்க்கிறது, லித்துவேனியா வீடு கூட வருகிறது. ஆனாலும் முழுசாகச் சொல்வதில்லை. டிவி ரேட்டிங் போதாமல் நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம். உன் தயாரிப்பாளரிடம் அதைச் சொல்லாதே.

ஆகவே ரவி, அம்மா அடித்தாள், அப்பா குடித்தார் என்று நாற்பது பக்கம் எழுதும் முன் நிறுத்து. முதல் படத்துக்கு மூன்று வருஷம் முன்னால் வை. கடை ஓடிக்கொண்டிருக்கட்டும். தெருவே அவனிடம் மாத்திரை வாங்கட்டும். சீட்டை வாங்கிப் பார்த்து, "இது வேண்டாம்மா, வயித்தைப் புண்ணாக்கும், வேற தர்றேன்" என்று அவன் சொல்லும்போது படம் பார்க்கிறவன் நாற்காலியில் நெளிய வேண்டும். பால்யம் கட்டாயம் என்றால் இரண்டு வரி, அதுவும் அவன் வாயால் வேண்டாம், பொய்யாகக்கூட இருக்கட்டும். கடைசியில் முதல் படத்தின் முதல் காட்சியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆசை வரும். 'ரெட் டிராகன்' முடிவில் எஃப்பிஐ-இலிருந்து ஒரு பெண் பார்க்க வந்திருக்கிறாள் என்று சொல்ல, லெக்டர் பேர் கேட்பதோடு வெட்டுகிறார்கள். பாதிப்பேர் கைதட்டினார்கள், மீதிப்பேர் "சரிடா, தெரியும்" என்று எழுந்துவிட்டார்கள். எனக்கு இரண்டாவது கட்சி. செய்தே தீருவாய் என்றால் பத்து நொடிக்கு மேல் போகாதே.

முதல் இருபது பக்கம் முடிந்ததும் அனுப்பு, பாஸ்கருக்கு அனுப்பும் முன். கன்டின்யூட்டிக்கு ஒரு நோட்டு போட்டு முதல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுது: இடது புருவத் தழும்பு எந்த வருஷம், கடை ஷட்டர் என்ன நிறம், பில் புத்தகம் கையால் எழுதியதா பிரிண்டரா. அப்புறம் ஒன்று: இன்ஸ்பெக்டர் மனைவி செத்தது எப்படி என்று முதல் படத்தில் எங்கேயாவது சொல்லியிருக்கிறாயா? எனக்குச் சொன்னதாக நினைவில்லை. சொல்லவில்லை என்றால் அவள் இப்போது உயிரோடு இருக்கிறாள், அந்தக் கடைக்குத்தான் மாத்திரை வாங்க வருவாள். பார்த்துவிட்டு எழுது.

உன்,
சேகர்