நாய் குறுக்கே வந்தது

தக்கலை,
ஆடி 12

விசிலுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். என் வீட்டுக்காரி, அவளுக்கு மட்டும் முட்டுவலி. சாரல் நிக்காம பெய்யுது, பத்து நாளா ரப்பர் வெட்டு நடக்கல. விலையைக் கேக்காதேயும். உம்ம லெட்டர் சித்திரையில வந்துச்சு, நான் இப்பத்தான் பேனா எடுக்கேன். திட்டணும்னா இந்த இடத்திலேயே நிறுத்தி முழுசாத் திட்டி முடிச்சுட்டு மேல படியும்.

போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா உம்ம போன் எப்பவும் ஸ்பீக்கர்லதான் கிடக்கும். நான் 'ஓய்'னு ஆரம்பிச்சா உம்ம மகள், மருமகன், மேல் மாடிக்காரன் வரைக்கும் கேப்பான். இது அப்படிச் சொல்ற காரியம் இல்ல.

என் மருமகன் புதுக் கார் எடுத்திருக்கான். வெள்ளை. கிளட்ச் கிடையாது, இடது கால் சும்மா விருந்தாளி மாதிரி உக்காந்திருக்க வேண்டியதுதான். அது போகட்டும். அதில ஒரு சங்கதி இருக்கு, அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல்னு. "ஸ்டியரிங்ல ஒரு பட்டனை அமுக்கி எத்தனை வேகம்னு சொல்லிட்டா போதும் மாமா, முன்னால வண்டி வந்தா இதுவே குறைக்கும், அந்த வண்டி விலகினா இதுவே கூட்டும்"ன்னான். "நானும் முப்பத்தொரு வருசம் பஸ்ல அதைத்தான்டே செஞ்சேன், கடைசியில ஒரு சால்வை போட்டு அனுப்பினாங்க"ன்னேன். சிரிச்சான். நல்ல பையன்தான், ஓவர்டேக் பண்ணும்போது மட்டும் நம்ம 'எலிவால்' டிரைவர் ஞாபகம் வரும்.

உமக்குத் தெரியும், எனக்கு ஒண்ணு புரியலைன்னா தூக்கம் வராது. வண்டியோட வந்த புத்தகத்தை லென்ஸ் வச்சு ரெண்டு நாள் படிச்சேன். மருமகன் தினமும் சாயங்காலம் வந்ததும் கேள்வி கேட்டே கொன்னேன். முன்னால கிரில்லுக்குப் பின்னால உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருக்கு, அதுதான் ரேடார். அதில இருந்து போற அலை ஒரு நொடிக்கு 7,700 கோடி தடவை துடிக்குமாம். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில நாலு மில்லிமீட்டர்தான், ஒரு சம்பா அரிசி நீளம்கூட வராது. அது போய் முன்வண்டி பின்பக்கத்தில முட்டித் திரும்பும். அறுபது மீட்டர் தள்ளிப் போற வண்டியில பட்டுத் திரும்ப, ஒரு நொடியைப் பத்து லட்சமா வெட்டினா அதில ஒரு துண்டுல பாதிகூட ஆகாது. இதை எந்த வாட்சை வச்சு அளக்கிறது? அளக்கிறதே இல்லையாம். நாதஸ்வரக்காரர் ஒரே மூச்சில கீழ இருந்து மேல இழுத்துக்கிட்டுப் போவாருல்ல, அப்படி அலையோட சுருதியை ஏத்திக்கிட்டே போகுது. திரும்பி வர்ற அலை கொஞ்சம் முந்தி போனது, அதனால சுருதி கொஞ்சம் கீழ நிக்கும். இப்ப போறதுக்கும் இப்ப வந்ததுக்கும் சுருதி எவ்வளவு வித்தியாசமோ, அதுதான் தூரக் கணக்கு. மண்டைக்காட்டுக் கொடையில தவில் பக்கத்தில தலையாட்டிக்கிட்டு இருந்தோமே, இது நமக்குத் தோணலையே ஓய்!

இன்னொரு கணக்கும் உண்டு. ரயில்வே கேட்டில நிக்கும்போது ஹாரன் கிட்ட வர வர கீச்சுன்னு கேக்கும், நம்மைத் தாண்டினதும் பொத்துனு இறங்கும். டாப்ளர்னு ஒரு ஆஸ்திரியாக்காரர் 1842-லயே இதை எழுதி வச்சிட்டாரு. அதே கணக்குதான். முன்வண்டி நம்மளவிட மெதுவாப் போகுதா, வேகமாப் போகுதான்னு திரும்பி வர்ற அலையே சொல்லிடும். கண்ணாடிக்கு மேல ஒரு கேமரா உக்காந்து, அது நம்ம லேன்ல போற வண்டியா பக்கத்து லேனான்னு பார்க்கும். ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டு, உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் ஆக்சிலரேட்டரைக் குறைக்கும், போதாதுன்னா பிரேக்கைப் பைய மிதிக்கும். மிதிக்கிறது பையத்தான் ஓய். உசிர் போற மிதி அதோட வேலை இல்லைன்னு புத்தகத்திலேயே போட்டிருக்கான்.

இடைவெளியை மீட்டர்ல வைக்காம நொடியில வச்சிருக்கான் பாரும், அது எனக்குப் பிடிச்சது. ரெண்டு நொடின்னு வச்சா, நூறுல போகும்போது ஐம்பத்தாறு மீட்டர், ஐம்பதுல போகும்போது இருபத்தெட்டு. முன்வண்டி தாண்டின கிலோமீட்டர் கல்லை நாம ரெண்டு எண்ணித் தாண்டணும்னு எனக்கு வண்டி பழக்கின ஆசான் சொன்ன அதே கணக்கு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இதெல்லாம் நம்ம ரூட்டில நடக்குமான்னு கேப்பீரு. தக்கலையில இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் போட்டுப் பார்த்தேன். சவம், அழுதுட்டேன். இது மரியாதையா இடம் விட்டு நிக்கும். அந்த இடத்தில ஒரு ஆட்டோ நுழையும். இது பிரேக் போட்டு மறுபடி இடம் விடும். அதில ரெண்டு பைக், ஒரு மீன்காரன். இப்படியே விட்டுக்குடுத்துக்கிட்டுப் போனா களியக்காவிளை போய்ச் சேர ஓணம் வந்திடும். வளைவு வேற. அலை நேராத்தானே போகும், நம்ம ரோடு எங்க நேராப் போகுது? வளையிற இடத்தில முன்வண்டியை விட்டுட்டு எதிர்த்த மதிலைப் பார்த்துக்கிட்டு நிக்குது. அவள் பின்சீட்டில இருந்து "நீங்களே ஓட்டுங்களேன், எனக்குக் குமட்டுது"ன்னா. பட்டனை அணைச்சுட்டேன்.

இந்தக் குமட்டல்ல இருந்துதான் இதுவே பிறந்துச்சுன்னா நம்புவீரா? மருமகன் சொன்னான். அமெரிக்காவில ரால்ஃப் டீட்டர்னு ஒரு இன்ஜினியர், அஞ்சு வயசில ஒரு விபத்தில ரெண்டு கண்ணும் போனவரு. அவரோட வக்கீல் கார் ஓட்டும்போது, பேசினா வேகம் குறையுமாம், கேட்டா கூடுமாம். பக்கத்தில உக்காந்து ஆடி ஆடி மனுசனுக்கு எரிச்சல் வந்து, வேகத்தை ஒரே மட்டத்தில பிடிக்கிற கருவியைச் செஞ்சாராம். 1950-ல பேட்டன்ட், 1958-ல கிரைஸ்லர் கார்ல வந்துச்சு. ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியாத ஒருத்தர் செஞ்சது! கண்டக்டரா பஸ் படிக்கட்டுல நின்னு "ஸ்டியரிங், என்ன ஓய் தொட்டில் ஆட்டுறீரா"ன்னு கத்தின உம்ம நினைப்பு வந்துச்சு. நீரும் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு ஏதாவது கண்டுபிடிச்சிருக்கலாம். முன்வண்டியைப் பார்க்கிற வேலையெல்லாம் பிற்பாடு வந்தது. 1999-ல மெர்சிடஸ் ரேடார் வச்சே விட்டுட்டான், நாம அப்ப ஒழுகுற ஸ்பேர் பஸ்ல குடை பிடிச்சு ஓட்டிக்கிட்டு இருந்தோம்.

சரி. இனி உள்ளதைச் சொல்றேன்.

போன வாரம் திருநெல்வேலியில கல்யாணம். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி காவல்கிணறு போய் நாலுவழிச் சாலையில ஏறினோம். போகும்போது மருமகன் ஓட்டினான், அங்கதான் ஓய் இதோட குணமே தெரிஞ்சது. வேகத்தை வச்சான், காலை எடுத்தான். லாரி வந்தா பைய இறங்குது, லாரி ஒதுங்கினா பைய ஏறுது. வள்ளியூர்ப் பக்கம் ஒரு வேன் சட்டுனு நமக்கு முன்னால வெட்டி நுழைஞ்சான். பக்கத்தில இருந்த என் கால் தரையை மிதிக்கிறதுக்குள்ள வண்டி வேகத்தைக் குறைச்சிருச்சு. கொள்ளாம்னு சொல்லிட்டேன், வாய் விட்டு. மருமகனுக்கு ரொம்பப் பெருமை.

திரும்பும்போது ராத்திரி பத்து மணி தாண்டிருச்சு. அவனுக்குத் தூக்கம், நான் ஓட்டுறேன்னு வாங்கினேன். அவன் பக்கத்தில சாய்ஞ்சான், பின்னால அவள், மகள், மடியில பேரன், எல்லாரும் கல்யாணச் சாப்பாட்டுத் தூக்கம். தொண்ணூறுன்னு வச்சேன். முன்னால ஒரு கார் எண்பதுல போச்சு, இது அதுக்குப் பின்னால சமத்தா ஒட்டிக்கிச்சு. எதிர்க்காத்து அடிக்குது, இன்ஜின் தானாக் கொஞ்சம் கூட்டிக்குது. என் காலுக்கு வேலை இல்ல. முதல்ல பிரேக்குக்குப் பக்கத்திலேயே வச்சிருந்தேன். அப்புறம் தரையில. அப்புறம், எப்ப செஞ்சேன்னு எனக்கே தெரியாது, வலது காலை மடக்கி சீட்டுக்கு அடியில தள்ளி வச்சிருக்கேன். திண்ணையில உக்காந்த மாதிரி.

முன்னால போன கார் படக்குனு வலது பக்கம் ஒடிச்சான். அவன் போன இடத்தில ரோடு காலி. வண்டிக்கும் அப்படித்தான் தோணியிருக்கும், "தடை விலகிச்சு, இனி தொண்ணூறு"ன்னு இன்ஜின் உறுமி ஏறுது. எனக்கு லைட் வெளிச்சத்தில முதல்ல தெரிஞ்சது ஒரு வேப்பங்கொப்பு. காத்துல ஆடுது. வேப்பங்கொப்பு ரோட்டு நடுவில எப்படி ஆடும்னு மனசு யோசிக்குது. அதுக்குப் பின்னால லாரி, பஞ்சராகி நிக்குது, ஒரு லைட் இல்ல, சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை குடுத்திருக்கான், அடையாளத்துக்குப் பின்பலகையில கொப்பைச் சொருகி வச்சிருக்கான்.

பிரேக்கைத் தேடினேன் ஓய். தேடினேன். முப்பத்தொரு வருசத்தில பிரேக்கை நான் தேடினது கிடையாது. கால் தரைவிரிப்புல உரசி, செருப்பு சீட்டுக்கு அடியில மாட்டி, அப்புறம்தான் பெடலுக்கு வந்துச்சு. அரை நொடி இருக்கும். அந்த வேகத்தில அரை நொடின்னா பதினொண்ணு, பன்னிரண்டு மீட்டர். நம்ம பஸ் நீளம். வண்டி கீங்கீங்னு கத்தினதும் நான் மிதிச்சதும் ஒண்ணா இருந்துச்சா, எது முந்தின்னு சத்தியமாத் தெரியல. மிதிச்சுக்கிட்டே வலது பக்கம் ஒடிச்சேன். நல்லவேளை பின்னால வண்டி இல்ல. லாரியோட மூலை இடது பக்கக் கண்ணாடியைத் தொடாமத் தாண்டிச்சு, அவ்வளவுதான். டிரைவர் லாரிக்கு அந்தப் பக்கம் பீடி குடிச்சுக்கிட்டு நின்னான். அந்தச் சிவப்புப் புள்ளி இப்பவும் கண்ணில நிக்குது.

எல்லாரும் முழிச்சுட்டாங்க. "என்ன மாமா?" ன்னான் மருமகன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாய் குறுக்கே வந்துச்சு."

சிரிக்காதேயும். நாம இன்ஸ்பெக்டர்கிட்ட எத்தனை தடவை அந்த நாயை விட்டிருப்போம், டிப்போவில அதுக்குப் பேரே வச்சிருந்தானுங்க. ஆனா அது லேட்டுக்கும் ஒடிஞ்ச கண்ணாடிக்கும் சொன்ன நாய். இந்த நாயை என் பேரன் தூங்கிக்கிட்டு இருந்த வண்டியில விட்டிருக்கேன். அவன் "நாய்க்கு அடிபட்டுச்சா தாத்தா?"ன்னான். "இல்லடே, ஓடிருச்சு"ன்னேன்.

மறுநாள் புத்தகத்தை எடுத்தேன். தெளிவாப் போட்டிருக்கான்: நின்னுக்கிட்டிருக்கிற வண்டியை இது பார்க்காமப் போகலாம், முன்வண்டி திடீர்னு விலகி அப்படி ஒண்ணு வந்தா ஓட்டுறவரே பிரேக் போடணும். ஏன்னு மருமகன்கிட்ட சும்மா கேக்கிற மாதிரி கேட்டேன். ரேடாருக்கு அசையாம நிக்கிற எல்லாம் ஒண்ணுதானாம். பாலம், போர்டு, ஓரத்துத் தகரத் தடுப்பு, எல்லாத்தில இருந்தும் அலை திரும்பி வரும். எல்லாத்துக்கும் பிரேக் போட்டா நாலுவழிச் சாலையில ஒரு பர்லாங் போக முடியாது. அதனால ஓடுற வேகத்தில அசையாததைக் கணக்கில எடுக்காம ஒதுக்கித் தள்ளுற பழக்கம் இந்த மாதிரிக் கருவிக்கு உண்டு. கேமரா கூடச் சேர்ந்து பார்த்தா கண்டுபிடிக்கும், ஆனா ராத்திரி, லைட் இல்லாத லாரி, கொப்பு மறைச்ச பின்பக்கம்.

அந்தப் பக்கத்தை நான் ரெண்டு நாள் முன்னாலயே படிச்சிருந்தேன். கீழ பென்சில்ல கோடு போட்டதும் நான்தான். அதனால வண்டி மேல பழி போட எனக்கு வாய் இல்ல. அது தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்துச்சு. என் காலுக்கு என்ன ஆச்சு? ஒரு மணி நேரம்கூட இல்ல ஓய், அவ்வளவு சும்மா இருந்ததுக்கு முப்பத்தொரு வருசத்தை மறந்திருச்சே. இதைத்தான் ராத்திரி முழுக்க நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன். வயசுதான் காரணம்னா வண்டியை விட்டிருவேன், அதில எனக்கு வெக்கம் இல்ல. ஆனா வயசா சொகமான்னு தெரியலையே. சொகம்னா, முப்பத்தஞ்சு வயசுக்காரன் மருமகனுக்கும் அதே கால்தானே? அவன் வாரா வாரம் அந்த ரோட்டில தனியாப் போறான்.

இப்ப காலையில யாரும் எழும்புறதுக்கு முன்னால ஷெட்டுக்குப் போய் சாவி போடாம உக்காந்து, காலை மடக்கி வச்சு, சட்டுனு பிரேக்குக்குக் கொண்டுபோய்ப் பழகுறேன். செருப்பைக் கழத்திட்டா கொஞ்சம் சீக்கிரம் வருது. நேத்து பேரன் பார்த்துட்டான். "வண்டியே ஓடலையே தாத்தா, எதுக்கு பிரேக்?"ன்னான். உமக்குச் சொல்ற மாதிரி ஒரு கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

மருமகன்கிட்ட உள்ளதைச் சொல்லணும். சொன்னா சாவி தர மாட்டான், அது பரவாயில்ல. ஆனா மகள் காதுக்குப் போகும், அப்புறம் வீட்டுக்காரி காதுக்கு, அப்புறம் நான் சைக்கிள்கூட எடுக்க முடியாது. நாய்னே இருந்துட்டா அவனும் ஒரு நாள் காலை மடக்குவான். நீர் என்ன சொல்றீரு? இன்ஸ்பெக்டர்கிட்ட யாரு பேசணும், எப்பப் பேசணும்னு எப்பவும் நீர்தானே முடிவு பண்ணினீரு.

மட்டிப்பழம் ஒரு சீப்பு பார்சல் போட்டிருக்கேன். காயா இருந்தா அரிசிப் பானையில வையும். பதிலைக் கார்டுல எழுதித் தொலைக்காதேயும், இங்கே தபால்காரர்கிட்ட வாங்குறது மருமகன்தான். கவர்ல போடும், ஒட்டிப் போடும்.

உம்ம
ஸ்டியரிங்