இரவு ஏழு மணிக்கு மேல் எங்கள் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்தும் தமிழ்நாடு அரசின் அதிகாரிகளுக்கு, நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

ஆடி மழையில் எங்கள் பக்கத்து விடுதி ஒன்றில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அறிக்கை மேலே போய்விட்டது என்று எங்களிடம் சொன்னார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் நடுராத்திரியில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். 'மழையில் வழுக்கி விழுந்ததால் காயம்' என்று எழுதியிருக்கிறார்களாம். மழை பெய்தது உண்மைதான். அவள் விழுந்ததிலிருந்து விடியும்வரை அந்த வளாகத்தில் பெரியவர் என்று ஒருவர்கூட இல்லை என்பதும் உண்மை. இரண்டாவது உண்மை அறிக்கையில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

காப்பாளர் அம்மாவைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அவருக்கு இரண்டு விடுதி. ஒன்று சொந்தப் பொறுப்பு, இன்னொன்று கூடுதல் பொறுப்பு. அன்று இரவு அவர் அங்கே இருந்தார், அதனால் இங்கே இல்லை. வாட்ச்மேன் வேலை காலியாகக் கிடக்கிறது. சமையல் அக்கா, யானை இறங்கும் முன் வீடு சேர வேண்டும் என்று இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. ஆக, ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை படிக்கும் அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் அன்றிரவு பெரியவள், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. தன் துப்பட்டாவைக் கிழித்து அவள்தான் தொட்டில் கட்டிக் கையைத் தாங்க வைத்திருக்கிறாள். விடிந்து சமையல் அக்கா வந்த பிறகுதான் 108க்குச் சொல்ல முடிந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு விடுதியிலும் ஒவ்வொரு இரவும் பிள்ளைகளோடு தங்கிப் படுக்க ஒரு பெரியவர் வேண்டும். பெண் பிள்ளைகள் விடுதி என்றால் அவர் பெண்ணாக இருக்க வேண்டும். அவர் யார் என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும்.

அந்தக் கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டடத்துக்குப் பின்னால், பத்துப் பன்னிரண்டு கல்படி இறங்கிப் போக வேண்டும். ஆனி, ஆடியில் அந்தப் படியில் பாசி ஏறிவிடும். வாசலில் பல்ப் ஹோல்டர் இருக்கிறது, பல்ப் இல்லை. இரண்டு கதவுகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பலாமரம். பலா பழுக்கும் காலத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் யானை எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ராத்திரி ஒருத்திக்கு அவசரம் என்றால் மூன்று பேரை எழுப்பிக்கொண்டு போகிறார்கள். ஒருத்தி டார்ச் பிடிக்கிறாள். ஒருத்தி சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே நடக்கிறாள், பன்றியோ யானையோ இருந்தால் விலகிப் போகட்டும் என்று. இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களாகவே ஏற்பாடு செய்துகொண்டது. என் அண்ணன் மகள் அன்றைக்கு யாரையும் எழுப்ப மனம் வராமல் தனியாகப் போயிருக்கிறாள். மறுநாள் கணக்குப் பரீட்சையாம், அக்காமார்கள் தூங்கட்டும் என்று நினைத்தாளாம்.

மாவுக்கட்டோடு அவள் எங்கள் வீட்டில் இருந்தபோது, ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு நீட்டிய தண்ணீர்ச் செம்பை வேண்டாம் என்று தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். ஏன் என்று கேட்டதற்கு, "ராத்திரி ஒண்ணுக்கு வரும் அத்தை" என்றாள். பிறகுதான் விசாரித்தேன். சாயங்கால டீயோடு சரி, அதற்குப் பிறகு அந்த விடுதியில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. சோறு தொண்டையில் அடைத்தால் ஒரு மடக்கு, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய பிள்ளைகள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. தண்ணீர் குறைந்து, சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்தால் தொற்று வரும், எரிச்சல் வரும், காய்ச்சல் வரும். வயிற்று வலி என்று எத்தனை பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் படுக்கிறார்கள் என்று விடுதியின் மருத்துவப் பதிவேட்டைப் பாருங்கள், அப்படி ஒன்று எழுதப்படுகிறது என்றால். அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கும் ஒரு பதினோரு வயதுப் பிள்ளை, இரவுக்குப் பயந்து தாகத்தை அடக்கப் பழகியிருக்கிறது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது ஐயா.

விடுதிச் சுவரில் 1098 என்று குழந்தைகளுக்கான உதவி எண்ணைப் பெரிதாக எழுதியிருக்கிறது. நல்ல எண், நல்ல சேவை. ஆனால் பிள்ளைகளிடம் போன் இல்லை. விடுதியின் போன் அலுவலக அறையில். காப்பாளர் இல்லாத இரவில் அந்த அறை பூட்டியிருக்கும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் டவரும் போகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய மலை இது. இங்கே ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் முதலில் உதவ வேண்டியது கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் ஒரு மனிதர். எழுதிய எண் அதற்குப் பிறகுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 54ஆவது பிரிவு, குழந்தைகள் தங்கும் இடங்களை ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்கிறது. மூன்று பேருக்குக் குறையாமல் போக வேண்டும், அதில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவ அலுவலர், ஒரு வாரத்துக்குள் அறிக்கை. இதை எடுத்துக்கொண்டு நான் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "அது குழந்தைகள் இல்லங்களுக்கு அம்மா, இது பள்ளி விடுதி, வேறு துறை" என்றார்கள். இருக்கட்டும். அதே சட்டத்தின் 75ஆவது பிரிவு, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் குற்றம் என்கிறது. பராமரிப்பை ஏற்ற நிறுவனத்தின் ஆளாக இருந்தால் ஐந்து ஆண்டுவரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் வருடக்கணக்கில் வைத்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு என்று அந்த அலுவலகத்தில் கேட்டேன். பதில் இல்லை. பிள்ளையை வாங்கும்போது ஒரே அரசாங்கம், பதில் சொல்லும்போது பத்துத் துறையா?

வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் 17 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. ஊழியர்கள் கைதானார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு, இல்லங்களை எல்லாம் ஆராய்ந்து அறிக்கையும் வாங்கினீர்கள். அதற்கு முன்பே, 2017 மே 5ஆம் தேதி, தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை பற்றிய வழக்கில்தான் நாட்டிலுள்ள எல்லா இல்லங்களையும் பதிவு செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை அடிபட்ட பிறகு, அல்லது செத்த பிறகு, காகிதம் நகர்கிறது. எங்கள் பிள்ளைக்குக் கைதான் முறிந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவு, பெரியவர் இல்லாத வளாகம், வெளிச்சம் இல்லாத வழி. அங்கே இரவில் வேறு என்னென்ன நடக்கலாம் என்று பெண் பிள்ளை பெற்ற யாருக்கும் விளக்க வேண்டாம். அது நடந்த பிறகு போக்சோ சட்டம் வரும், கைது வரும், நிவாரணத் தொகை வரும். நடக்கும் முன் வர வேண்டியது ஒரு காப்பாளர்.

எங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்டு விடுதிக்குப் போகவில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று மிகவும் நலிந்த பழங்குடிகளாக அரசே பட்டியலிட்ட ஆறு சமூகங்களும் இந்த மலையில் இருக்கிறோம். பாடியிலிருந்து, அதாவது எங்கள் குடியிருப்பிலிருந்து, பள்ளிக்குப் போகும் வழி காட்டு வழி. காலையில் யானை, சாயங்காலம் யானை. தோட்ட வேலைக்கு விடியுமுன் போகிறவர்கள் பிள்ளையை யார் கையில் விடுவது? "விடுதியில் சேர்த்துவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வீட்டு வாசலில் வந்து சொன்னது நீங்கள்தான். நம்பி விட்டோம். இப்போது கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவந்த வீடுகள் எங்கள் பாடியிலேயே இருக்கின்றன. அடுத்த கணக்கெடுப்பில் அந்தப் பிள்ளைகள் 'இடைநின்றவர்கள்' ஆவார்கள். பழங்குடிப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று யாராவது மேடையில் பேசுவார்கள். என் அண்ணி பத்து விரலும் தேயிலைக் கறை படிந்தவள். மகள் நர்ஸ் ஆக வேண்டும் என்று சீட்டுப் பிடித்துப் பணம் சேர்க்கிறாள். விசாரணைக்கு வந்தவர் அவளிடம் கேட்டது: "உங்க பொண்ணு ராத்திரி ஏன் வெளியே போச்சு?" அந்தக் கேள்விக்கு அவள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள்.

கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கான ஒன்றிய அரசின் பிஎம் ஜன்மன் திட்டத்தில் புது விடுதிகள் வருகின்றன என்கிறார்கள். வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் புதுக் கட்டடத்திலும் இரவில் ஆள் இல்லை என்றால் அது எங்களுக்குப் பயன்படாது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். நல்லது செய்த அதிகாரிகளையும் இந்த மலை பார்த்திருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன். காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்புவதற்குள், எங்கள் வட்டத்தில் உள்ள ஒவ்வொரு விடுதிக்கும் இரவில் தங்கும் பெண் காப்பாளர் ஒருவரைத் தாருங்கள். நிரந்தர நியமனத்துக்கு நாளாகும் என்றால், எங்கள் பாடிகளிலேயே படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அதுவரை அவர்களை முறையான சம்பளத்துக்கு அமர்த்துங்கள். அவர்கள் பேசினால் பிள்ளைகளுக்கும் பாஷை புரியும். இரவுப் பொறுப்பாளரின் பெயரையும் போன் எண்ணையும் வாசலில் எழுதி, பெற்றோர் கையிலும் கொடுங்கள். கழிப்பறைக்கு விளக்கும் தாழ்ப்பாளும் போட நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்காதீர்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் பகலில் வந்து சாம்பார் ருசி பார்த்துவிட்டுப் போகாமல், இரவு ஒன்பது மணிக்குச் சொல்லாமல் வரட்டும்.

என் அண்ணன் மகளுக்கு அடுத்த வாரம் மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். விடுதிக்குத் திரும்பப் போக வேண்டும் என்றுதான் சொல்கிறாள். அவளுக்குப் படிக்க வேண்டும். அனுப்புவதா வேண்டாமா என்று என் அண்ணனும் அண்ணியும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

நன்றியுடன்,
பந்தலூர் வட்டத்திலிருந்து,
ஒரு விடுதிப் பிள்ளையின் அத்தை